ஆழ்கடலுக்குக் கணக்கெழுதிய மருத்துவர்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் வெண்ணிறக் குவியல்களைக் காண்பர். உவர்நீர் நிறைந்த பாத்திகளும், வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க விரையும் தொழிலாளர்களும் இக்கடற்கரையின் நெடுநாள் அடையாளங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அருகிலுள்ள கழுவெளி ஏரி 2024-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

பொருளியல் கற்பித்தே காலத்தைக் கழித்தவன் என்பதால், இக்கடற்கரையைக் காணும்போதெல்லாம் எனக்குக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. உப்புக்குக் கணக்கு உண்டு; மூட்டைக்கு விலை உண்டு; வாருபவருக்குக் கூலி உண்டு. கரையேறும் மீனுக்கு ஏலம் உண்டு. கழுவெளிக்கு வரும் பறவைகளைக்கூட ஆண்டுதோறும் எண்ணுகிறோம். ஆனால், இக்கரையிலிருந்து கிழக்கே சில பத்து கிலோமீட்டர் சென்றால் கடலின் அடித்தளம் சட்டென்று சரியத் தொடங்குகிறது. கண்டச்சரிவு என்று புவியியலார் அழைக்கும் அப்பகுதியில், பாலாற்று முகத்துவாரத்துக்கு எதிரிலும், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் எதிரிலும் கடலடிப் பள்ளத்தாக்குகள் இருப்பதை 1960-களில் நம் ஆய்வாளர்கள் வரைபடமாக்கினர். மரக்காணம் அவற்றுக்கு இடையில் அமைந்த ஊர். அந்தச் சரிவிலும் பள்ளத்தாக்குகளிலும் வாழும் உயிர்களுக்குக் கணக்கு எங்கே?

அக்கணக்கின் முதல் ஏடுகளை எழுதியவர்களுள் முதன்மையானவர் ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக். கடல்வாழ் உயிரினங்களை ஆராய்வோருக்கு நன்கு அறிமுகமான இப்பெயர், பொதுவாசகர்களிடையே ஏறக்குறைய மறந்துபோனது. அவருடைய வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்க்கக் காரணம் உண்டு.

ஆல்காக் 1859-ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்தார். தந்தை கப்பல் தலைவராக இருந்தவர். இங்கிலாந்தில் நல்ல பள்ளிகளில் பயின்றுகொண்டிருந்த சிறுவனின் கல்வி, 1876-இல் தந்தைக்கு நேர்ந்த பொருள் இழப்பால் பாதியில் நின்றது. பதினேழு வயதில் மீண்டும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். வயநாட்டில் காப்பித் தோட்டம் நடத்திய உறவினர்களிடம் வந்து சேர்ந்தார். காப்பிப் பயிரில் அவர் தேர்ச்சி பெற்றாரோ இல்லையோ, அங்கிருந்த காடுகளும் விலங்குகளும் அவரை ஈர்த்தன.

காப்பித் தொழில் நலிந்தது. கல்கத்தாவில் ஒரு வணிக அலுவலகத்தில் கிடைத்த வேலையும் நிலைக்கவில்லை. பின்னர், 1878 முதல் 1880 வரை புருலியாவில், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலித் தொழிலாளர்களைச் சேர்த்து அனுப்பும் முகவராகப் பணிபுரிந்தார். இந்தியப் பொருளாதார வரலாற்றைப் பயின்றவர்கள் அந்தத் தொழிலின் தன்மையை அறிவார்கள். வறுமையால் விரட்டப்பட்ட மக்களைத் தலைக்கணக்கில் எண்ணி அனுப்பிய ஏற்பாடு அது. வழியிலும் தோட்டங்களிலும் உயிரிழந்தவர்கள் பல்லாயிரம் பேர். ஆல்காக்கின் வாழ்க்கையில் இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

புருலியாவின் தனிமையில்தான் அறிவியல் நூல்கள் அவர் கைக்கு வந்தன. டார்ஜிலிங்கில் ஒரு பள்ளியில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தபின், குடும்பத்தாரின் உதவியோடு 1881-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்குச் சென்று மருத்துவம் பயின்றார். அங்கே விலங்கியல் பேராசிரியர் நிக்கல்சனுக்கு உதவியாளராகவும் இருந்தார். 1885-இல் பட்டம் பெற்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கு எல்லையில் பஞ்சாப், சீக்கியப் படைப்பிரிவுகளின் மருத்துவரானார். படிப்பை இழந்த சிறுவன் இருபத்தாறு வயதில் அதை மீட்டுக்கொண்டான்.

1888-இல் அவருக்குக் கிடைத்த பணிதான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. இந்தியக் கடல் அளவைத் துறை 1874-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. துறைமுகங்களையும் கரையோர ஆழங்களையும் அளந்து, வணிகக் கப்பல்கள் தரைதட்டாமல் செல்ல வரைபடம் தயாரிப்பதே அதன் வேலை. வங்காள ஆசியக் கழகத்தின் பரிந்துரையை ஏற்று, அளவைக் கப்பலில் ஒரு மருத்துவருக்கு இடமளித்து, அவரையே இயற்கை ஆய்வாளராகவும் அமர்த்தும் ஏற்பாட்டை அரசு செய்தது. மாலுமிகளின் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவரே, ஓய்வு நேரத்தில் கடலடி உயிர்களைச் சேகரிப்பார். அப்பதவியில் முதலில் ஆம்ஸ்ட்ராங், பின்னர் ஜைல்ஸ் ஆகியோர் பணியாற்றினர். அவர்களை அடுத்து வந்தவர் ஆல்காக்.

கப்பலின் பெயர் இன்வெஸ்டிகேட்டர். பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தில் 1881-இல் உருவான, மரத்தாலான, துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல். மழைக்காலம் முடிந்தபின் அளவைக்குப் புறப்படும். அடுத்த மழைக்காலத்தில் துறைமுகத்தில் தங்கும். ஆழ்கடல் ஆய்வு அதன் முதன்மைப் பணியன்று. அளவைப் பணிக்கு இடையூறு இல்லாத நாள்களில், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் வழியில், வலையிறக்க அனுமதி கிடைக்கும். அவ்வளவுதான்.

வலையிறக்குவதும் எளிதன்று. முதலில் ஈயக்குண்டைக் கம்பியில் கட்டி இறக்கி ஆழத்தை அளக்க வேண்டும். நம் மீனவர்களைப் போலவே அக்காலக் கப்பலோட்டிகளும் ஆழத்தைப் பாகத்தால் அளந்தனர். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி. பிறகு, இரும்புச் சட்டத்தில் பொருத்திய இழுவலையை எஃகுக் கயிற்றில் இறக்கி, கப்பலை மெல்ல நகர்த்தி, மீண்டும் மேலே ஏற்ற வேண்டும். ஆயிரம் பாகத்துக்கும் மேற்பட்ட ஆழம் என்றால் ஒருமுறை வலையிறக்கி ஏற்றுவதற்குள் பகலின் பெரும்பகுதி கழிந்துவிடும். மேலே வருவது சில நேரம் வெறும் சேறு. சில நேரம் அறுந்த கயிறு மட்டும். எப்போதாவது ஒருமுறை, மனிதக் கண் அதுவரை காணாத உயிர்கள்.

அவ்வுயிர்களின் வாழ்க்கைமுறையைச் சற்று விளக்குவது நல்லது. சூரிய ஒளி புகாத ஆழத்தில் தாவரம் இல்லை. மேற்பரப்பில் வாழ்ந்து மடியும் நுண்ணுயிர்களும், விலங்குகளின் கழிவும், ஆறுகள் அடித்துவரும் மட்கிய பொருள்களும் மெல்லக் கீழே இறங்குகின்றன. அடித்தளத்து உயிர்களின் உணவு பெரும்பாலும் இந்த வரவே. வெளியூர் சென்ற பிள்ளைகள் அனுப்பும் பணத்தை நம்பி வாழும் ஊரைப் போன்றது அந்தப் பொருளாதாரம். கடலடிப் பள்ளத்தாக்குகள், மேலிருந்து வரும் வண்டலையும் உணவையும் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால்கள். ஆகவேதான் பல பள்ளத்தாக்குகளில், அருகிலுள்ள சமவெளிச் சேற்றைக் காட்டிலும் உயிர்கள் செறிந்து காணப்படுகின்றன. அவற்றுள் மிகப் பெரியதான, கங்கை முகத்துவாரத்துக்கு எதிரேயுள்ள பள்ளத்தாக்கை, குண்டு தரையைத் தொடாத காரணத்தால், அடி காணாத பகுதி என்றே கப்பலோட்டிகள் அழைத்துவந்தனர்.

இருளும் குளிரும் அழுத்தமும் மட்டும் அங்குள்ள இடர்கள் அல்ல. வங்கக் கடலில் நூறு மீட்டருக்குச் சற்றுக் கீழே தொடங்கிச் சில நூறு மீட்டர் வரை உயிர்வளி மிகக் குறைந்த நீர்ப்படலம் உள்ளது. அது கண்டச்சரிவைத் தொடும் இடத்தில் வாழ்வதற்குத் தனித்த உடலமைப்பு வேண்டும். ஆல்காக்கும், கல்கத்தா அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் உட்-மேசனும் 1891-இல் விவரித்த ஒரு சிலந்தி நண்டு இதற்குச் சான்று. செவுள்களை மூடும் ஓட்டுப் பகுதி இருபுறமும் பெரிதும் உப்பியிருந்த அந்த நண்டுக்கு, அப்பதவியின் முன்னோடியான ஆம்ஸ்ட்ராங்கின் பெயரைச் சூட்டினர். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அரபிக் கடலில் ஓமன் நாட்டுக்கு எதிரேயுள்ள சரிவில், உயிர்வளி குறைந்த அதே வகைச் சூழலில், இந்நண்டுகள் பெருங்கூட்டமாக வாழ்வதை ஆய்வாளர்கள் கண்டனர்.

கூட்டுவாழ்க்கையைக் கவனிப்பதில் ஆல்காக்குக்குத் தனி ஆர்வம் இருந்தது. ஒரு சிறு முள்மீனின் தோல்மேல் பாசி போல் படர்ந்திருந்ததை உற்றுநோக்கி, அது பாசியன்று, குழியுடலி வகையைச் சேர்ந்த உயிர்க்கூட்டம் என்று 1892-இல் எழுதினார். மீனுக்கு மறைவிடமும் குழியுடலிக்கு இடப்பெயர்ச்சியும் கிடைக்கின்றன. மற்றொன்று, சிப்பிக்குப் பதிலாகக் கடல் சாமந்தியைப் போர்வையாகப் போர்த்திக்கொள்ளும் துறவி நண்டு. வேண்டும்போது போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்ள அதனால் முடியும்.

ஆழத்திலிருந்து உயிருடன் வந்த ஒருவகை இறால், தன் உடலிலிருந்து நீலநிற ஒளிநீரைப் பீய்ச்சியது; வாளியில் கிடந்த மற்ற உயிர்களெல்லாம் அவ்வொளியில் தெளிவாகத் தெரிந்ததாக ஆல்காக் பதிவு செய்தார். திருக்கை இனம் ஒன்றில் தாயின் கருப்பைச் சுவரிலிருந்து நீளும் இழைகள் பால் போன்ற நீரைச் சுரந்து குட்டிகளுக்கு ஊட்டுவதை, உட்-மேசனுடன் இணைந்து 1891-இல் அறிவித்தார். மீன் என்றால் முட்டையிட்டுவிட்டு மறந்துபோகும் உயிர் என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறான செய்தி அது.

கரையையும் அவர் புறக்கணிக்கவில்லை. ஒரு கொடுக்கு மட்டும் உடலளவு பெருத்திருக்கும் சிறு நண்டுகளை மரக்காணத்துக் கழிமுகச் சேற்றில் நம் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். ஆண் நண்டு அந்தக் கொடுக்கை ஆட்டுவது பெண்ணின் கவனத்தை ஈர்ப்பதற்கே என்று கிழக்குக் கரையின் சேற்றுநிலங்களில் அமர்ந்து கவனித்து எழுதியவரும் அவரே. மணலில் வளைதோண்டும் சிவப்பு நண்டு கொடுக்கை உரசி ஒலியெழுப்பும் விதத்தையும் விளக்கினார்.

அக்காலத்தில் இத்துறையில் அவர் தனியாக இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஹெண்டர்சன், உலகைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் சேகரித்த நண்டினங்களில் ஒரு பிரிவை ஆராய்ந்து 1888-இல் நூலாக்கியவர். சென்னைக் கடற்கரையின் நண்டுகளைப் பற்றியும் எழுதியவர். ஒரு கல்லூரி ஆசிரியர் தம் ஊர்க் கடற்கரையை உலக அறிவியலோடு இணைத்த காலம் அது.

உட்-மேசன் 1893-இல் மறைந்தபின், ஆல்காக் இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். 1895-இல் பாமீர் எல்லைக் குழுவுடன் மலையேறிச் சென்று அங்குள்ள இயற்கை வளங்களையும் பதிந்து வந்தார். மற்ற ஆண்டுகளெல்லாம் சாடிகளுக்கு நடுவே கழிந்தன. ஆழ்கடல் மீன்களின் விளக்க அட்டவணை 1899-இல் வெளிவந்தது. 1901-இல் ஆழ்கடல் இறால்கள், துறவி நண்டுகள் முதலியவற்றின் அட்டவணை வந்தது. 1895 முதல் 1900 வரை இந்திய நண்டுகளைப் பற்றிய தொடர் கட்டுரைகள் வந்தன. 1902-இல், தம் கடற்பயண அனுபவங்களைப் பொதுவாசகர்களுக்காக ஒரு நூலாக்கினார். 1901-இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அட்டவணை என்றவுடன் வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஒவ்வோர் உயிருக்கும் பெயர், உருவ விளக்கம், நெருங்கிய இனங்களிலிருந்து வேறுபாடு, கிடைத்த இடம், ஆழம், மாதிரி வைக்கப்பட்டுள்ள சாடியின் எண். பார்வைக்கு ஊர்க் கணக்கரின் பதிவேடு போன்ற இந்த வறண்ட பக்கங்களே பின்வந்த அறிவுக்கெல்லாம் அடித்தளம். ஓர் இனம் குறைந்துவிட்டது என்று இன்று யாரேனும் சொல்ல வேண்டுமானால், அன்று இருந்தது என்று யாரேனும் எழுதிவைத்திருக்க வேண்டும்.

இப்பதிவேட்டில் இடம்பெறாத பெயர்களும் உண்டு. எஃகுக் கயிற்றை இறக்கி ஏற்றிய இந்திய மாலுமிகள் பெரும்பாலும் பெயரின்றியே மறைந்தனர். கப்பல் தலைவர்களின் பெயர்கள் நண்டுகளுக்கும் மீன்களுக்கும் சூட்டப்பட்டன; கயிறு பிடித்தவர்களின் பெயர்கள் சூட்டப்படவில்லை. காலனிய அறிவியலின் இந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான் அதன் பயனைப் பேச வேண்டும்.

அருங்காட்சியக நிருவாகத்தில் அறிவியலுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை ஆல்காக்குக்கு வளர்ந்தது. 1906-இல் பதவியைத் துறந்தார். அவரை அடுத்துப் பொறுப்பேற்ற நெல்சன் அனண்டேல், விலங்கியல் ஆய்வுக்குத் தனி நிறுவனம் வேண்டும் என்று வாதாடி, 1916-இல் இந்திய விலங்கியல் அளவைத் துறையை உருவாக்கினார். இன்வெஸ்டிகேட்டர் சேகரித்த மாதிரிகள் அத்துறையின் அரிய சொத்தாயின. ஆல்காக் இலண்டன் சென்று, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றிக் கற்பித்தார். மருத்துவ அலுவலர்களுக்கான பூச்சியியல் நூலை 1911-இல் வெளியிட்டார். 1924-இல் ஓய்வுபெற்றார். 1933-இல் கென்ட் மாவட்டத்தில் மறைந்தார்.

அவர் மறைந்த ஐந்தாம் ஆண்டில், அரபிக் கடல் ஆய்வுப் பயணமொன்றின் சேகரிப்பை ஆராய்ந்த எகிப்திய அறிஞர் ரமதான், சிவந்த ஆழ்கடல் இறால் ஒன்றுக்கு ஆல்காக்கின் பெயரைச் சூட்டினார். அறுபது ஆண்டுகள் அந்தப் பெயர் நூலகங்களில் உறங்கியது. 1999-இன் இறுதியில் கேரளத்தின் இழுவைப் படகுகள் கொல்லத்துக்கு எதிரேயுள்ள ஆழ்கடலில் இறால் பிடிக்கத் தொடங்கின. தூத்துக்குடிப் படகுகளும் அத்தொழிலில் இறங்கின. இருநூறு மீட்டருக்கும் கீழிருந்து வந்த அந்த இறால்களுள் ஆல்காக்கின் பெயர் தாங்கிய இனமும் இருந்தது. உட்-மேசனின் பெயரால் ஆல்காக் 1901-இல் பெயரிட்ட இனமும் இருந்தது. யாருக்கும் பயனற்றது என்று தோன்றிய பதிவேடு, நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஏற்றுமதிப் பண்டங்களின் பட்டியலாயிற்று.

பொருளியலில் இருப்பு வேறு, வரத்து வேறு. வங்கியில் உள்ள தொகை இருப்பு. மாதந்தோறும் எடுப்பது வரத்து. இருப்பைப் பாராமல் வரத்தை மட்டும் எண்ணி மகிழ்பவர் விரைவில் ஏமாறுவார். மீன்பிடித் துறைமுகங்களில் நாம் எண்ணுவது வரத்து. ஆல்காக் எண்ண முயன்றது இருப்பு. கரையோர உப்பைக் கதிரவனும் கடலும் ஆண்டுதோறும் திருப்பித் தருகின்றன. ஆழ்கடல் உயிர்கள் பல மெதுவாக வளர்பவை, தாமதமாக முதிர்பவை. இழுவலை ஒருமுறை உழுதுவிட்டால் அடித்தளம் பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் ஆகும்.

மரக்காணத்துக்கு இது தொலைவான செய்தியன்று. 2018-இல், மரக்காணத்திலிருந்து தெற்கே நீளும் கடற்பரப்பு எரிபொருள் தேடலுக்காக ஒதுக்கப்பட்டது. அதை எதிர்த்து 2019-இல் மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றனர். நடுவண் அரசு 2021-இல் 4,077 கோடி ரூபாய் மதிப்பில் ஆழ்கடல் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு ஏற்றிச்செல்லும் மத்ஸ்யா 6000 கலத்தைச் சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவருகிறது. கனிமம், எரிபொருள், மீன் என்று பல கண்கள் ஆழத்தை நோக்குகின்றன. வளர்ச்சி வேண்டாம் என்பது என் வாதமன்று. கணக்குப் பாராமல் கைவைக்க வேண்டாம் என்பதே வாதம்.

அதற்கு ஆல்காக்கின் வாழ்க்கை மிக எளிய வழியொன்றைக் காட்டுகிறது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், வணிக நலனுக்காகவே இயங்கிய ஓர் அந்நிய அரசு, தன் அளவைக் கப்பலில் இயற்கை ஆய்வாளர் ஒருவருக்கு ஓர் அறையும் ஒரு வலையும் சில சாடிகளும் கொடுத்தது. செலவு சிறிது, விளைவு இன்றளவும் நீடிக்கிறது. நம் கடலில் எரிபொருள் தேடும் கப்பலானாலும், கனிமம் அளக்கும் கப்பலானாலும், கம்பி பதிக்கும் கப்பலானாலும், அரசு அனுமதியின் நிபந்தனைகளுள் ஒன்றாக, உயிரியலாளர் ஒருவருக்கு இடம் ஒதுக்கச் செய்யலாம். அவர் திரட்டும் மாதிரிகளும் பதிவுகளும் பொதுச்சொத்தாக, விலங்கியல் அளவைத் துறையின் சென்னைக் கடல் உயிரியல் மையத்துக்கு வந்துசேர வேண்டும்.

அவ்விடத்தில் அமர ஆள் வேண்டும். உயிர்களை இனம்பிரித்து அறியும் வகைப்பாட்டியல், நம் கல்லூரிகளில் செல்வாக்கு இழந்துவரும் துறை. மரபணு ஆய்வுக்குக் கிடைக்கும் மதிப்பு, நண்டின் காலை எண்ணுபவருக்குக் கிடைப்பதில்லை. நம் கரையோரக் குப்பங்களில், மீனைத் தொட்டாலே பெயர் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவித்தொகையும் உரிய பயிற்சியும் தந்தால், அடுத்த தலைமுறையின் ஆல்காக்குகள் அங்கிருந்தே வரலாம். அன்று கயிறு பிடித்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள்.

வறுமையால் படிப்பை இழந்து, காப்பித் தோட்டத்திலும் கூலி அலுவலகத்திலும் அலைந்த ஓர் இளைஞனுக்குச் சில புத்தகங்களும், பிறகு ஒரு கப்பலில் ஓரிடமும் கிடைத்தன. அதனால் வங்கக் கடலின் ஆழத்துக்கு ஒரு தொடக்கக் கணக்கு கிடைத்தது. அந்தக் கணக்கின் அடுத்த பக்கங்களை எழுதும் பொறுப்பு நம்முடையது. கிழக்கே, மரக்காணத்து உப்பளங்களுக்கு அப்பால், சரிவிலும் பள்ளத்தாக்கிலும் வாழும் உயிர்களுள் பலவற்றுக்கு இன்னும் பெயரே இல்லை.